நேரம் சொல்லக் கூடாது

மின்சார சபையில் எனக்கு இரவு வேலை.
முறைப்பாட்டு மேசை. ஒரு தொலைபேசி, ஒரு கொப்பி.
மேலதிகாரி முதல்நாளே சொல்லிவிட்டார்:
"வரும் எண்டு சொல்லுங்க.
எத்தினை மணிக்கு எண்டு மட்டும் வாய் விடாதீங்க."

மார்கழியில் வாவி
வீதி பார்க்க ஏறி வரும்.
சவுக்குக் கொப்பொன்று கம்பியில் சாயும்.
நாவற்குடா இருளும், பிறகு கல்லடி,
பிறகு என் மேசை அலறத் தொடங்கும்.

"எப்ப கா வரும்?"
ஐஸ் உருகுதாம், சூரை முந்நூறு கிலோ.
"எப்ப வரும் மிஸ்?"
நாளைக்குக் கணிதச் சோதனையாம்.
ஏறாவூரில் ஒருவருக்கு
இழுக்கிற பிள்ளைக்குப் புகை பிடிக்க வேண்டும்.
"பாத்துக்கொண்டிருக்காதீங்க காக்கா,
ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றேன்.
கொப்பியில் அதற்குக் கட்டம் இல்லை.

வேலைக்குப் போகுமுன் வீட்டில் செபம்.
சின்ன உப்போடையில் இரண்டு அறை வீடு.
அலுமினியத் தட்டில் சவுக்கு வளையம்
(கம்பியில் விழுந்த அதே மரம்தான்,
சதாகரன் வெட்டி எடுத்துத் தந்தது).
ஊதா மெழுகுதிரி இம்முறை கடையில் இல்லை.
வெள்ளைக்கு ஊதா றிபன் சுற்றினாள் நிரோமி.
"அடியில எரியேக்க றிபனும் பத்தும்" என்றேன்.
"அதுக்கு முதல் அவர் வந்திருவார் அம்மா."

முதல் ஞாயிறு ரெஜிஸ் வாசித்தார்.
அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது
என்கிற இடம்.
வாசிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்:
"இது உங்கட சபைச் சட்டமெல்லோ?"
நான் சிரித்துவிட்டேன்.
நிரோமி முறைத்தாள்.

இரண்டாம் கிழமை ஈசல்.
மழை விட்ட இடைவெளியில்
யன்னலால் ஒரு படையே வந்து
சுடரில் விழுந்து, இறகு கருகி,
செபப் புத்தகத்தின் மேல் ஊர்ந்தது.
"ஊதி அணைப்பம், பாவம்."
அணைத்தோம். ஊரிலும் கறண்ட் இல்லை.
முகமில்லாமல் மூன்று குரல்கள்:
வாரும், ஆண்டவரே, வாரும்.

அந்த இருட்டில்
என் குரல் எனக்கே பிடிபட்டது.
அதே அவதி, அதே கொஞ்சம் கோபம்.
எப்ப கா வரும்?
நான் கேட்டது வெளிச்சத்தை அல்ல.
எனக்குப் பதினாறு வயதில்
பாண் வாங்கச் சைக்கிளில் போன அப்பாவை.
எந்த மேசையும் "வரும்" என்றே எழுதிக்கொண்டது.
எந்த மேசையும் நேரம் சொல்லவில்லை.

நிரோமிக்கு அது தெரியாது.
ரெஜிஸுக்குத் தெரியும்.
நெருப்புப்பெட்டியைத் தேடுகிறவர்போல்
மேசையில் தடவி
என் கையைத் தொட்டார்.

மூன்றாம் கிழமை, விடியப் பிந்திய இரண்டு மணி,
வந்தாறுமூலையிலிருந்து ஒரு பெண்பிள்ளைக் குரல்.
பெயர் கேட்டேன், சொல்லவில்லை.
"அவசரம் ஒண்டும் இல்ல மகள்.
இந்த மழைக்குள்ள கம்பத்தில ஏறி நிக்கிற புள்ளயள்
ஏதும் சாப்பிட்டதுகளா?"

பத்தொன்பது வருடத்தில்
யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை.
வயர்லெஸ்ஸை எடுத்தேன்.
"சதாகரன், சாப்பிட்டியா?"
காற்று. இரைச்சல். பிறகு,
"இல்லக்கா. கம்பம் வழுக்குது.
ஏன், என்ன நடந்த?"

நேற்று ரோஸ் திரியை ஏற்றினோம்,
மூன்று நாள் பிந்தி.
எல்லாரும் "வாரும்" என்றபோது
எனக்கு வார்த்தை வேறாக வந்தது.

எங்கே நிற்கிறீர், ஆண்டவரே?
எந்தக் கம்பத்தில், எந்த வெள்ளத்தில்?
நேரம் கேட்கமாட்டேன், எனக்கு அந்தச் சட்டம் தெரியும்.
நனைகிறீரா?
ஏதும் சாப்பிட்டீரா?

மழை கூரையில் இறுகியது.
பத்து மணி வேலைக்கு
நான் குடை எடுத்தேன்.
நிரோமி பின்னால் ஓடிவந்து
மூன்று சோற்றுப் பொதி தந்தாள்.
"உனக்கு ஒண்டு போதுமே அம்மா, ஏன் மூண்டு?"
என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.
நான்தான் கட்டச் சொன்னேன் என்பதை மறந்துவிட்டாள்.